எச்-1பி கைக்கு வரும்வரை: ஸ்டேட்டஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் பிறந்தால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து, படிப்புக்குப் பின் மாணவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியான ஓபிடியில் வேலை பார்த்துக்கொண்டு, கம்பெனி மூலம் வாங்கும் வேலை விசாவான எச்-1பிக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள்தான் பேசுவார்கள். "அக்கா, லாட்டரியில் பெயர் வந்திடுமா?" எச்-1பி இடங்களுக்கான குலுக்கலைப் பற்றிய இதுதான் முதல் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அதைவிட முக்கியமான ஒரு கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: "பெயர் வரும்வரை நான் எந்தக் காகிதத்தின் பேரில் இந்த நாட்டில் இருக்கிறேன்?" இந்தப் பக்கத்தை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. 2014-இல் படிக்க வந்து, மூன்று தடவை லாட்டரியில் நின்று, 2019-இல் எச்-1பி வாங்கியவள். 2025-க்குப் பிறகு விதிகள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் இங்கே படிப்பதை வைத்து உங்கள் கேள்விகளைத் தயார்செய்துகொள்ளுங்கள். முடிவெடுக்கும் முன் வக்கீலிடமோ, கல்லூரியில் உங்கள் ஐ-20 என்ற மாணவர் சான்றைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடமோ கேட்டுவிடுங்கள்.

விசாவும் ஸ்டேட்டஸும் ஒன்றுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டில் தூதரகம் ஒட்டித் தரும் விசா, வாசலில் காட்டும் அனுமதிச் சீட்டு. அதைக் காட்டி உள்ளே வந்த பிறகு நீங்கள் எந்த வகையில், எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதுதான் ஸ்டேட்டஸ். அதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு.

விசா தேதி முடிந்துபோனாலும் ஐ-94 உயிரோடு இருந்தால் நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள். விசாவில் இன்னும் நான்கு வருடம் மிச்சம் இருந்து ஐ-94 முடிந்துபோயிருந்தால் அந்த விசா உங்களைக் காப்பாற்றாது. எனக்கு வரும் போன்களில் "விசா 2028 வரை இருக்கே அக்கா" என்று நிம்மதியாகச் சொல்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

என் ஐ-94-ஐ எங்கே பார்ப்பது? அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிபிபி என்ற எல்லைக் காவல் துறையின் இணையதளத்திலோ செயலியிலோ பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் வந்துவிடும். விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வந்த அன்றே பாருங்கள். பெயர், வகை, கடைசித் தேதி மூன்றையும் சரிபாருங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் ஸ்டேட்டஸில் இருப்பவர்களுக்குத் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' என்று போட்டிருக்கும். படிப்பும் அதைச் சேர்ந்த ஓபிடியும் ஒழுங்காக நடக்கும்வரை இருக்கலாம் என்று அர்த்தம். இந்த முறையை எடுத்துவிட்டு மாணவர்களுக்கும் குறிப்பிட்ட தேதி போட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஒரு விதி முன்மொழியப்பட்டது. அதனால் "எஃப்-1-க்கு டி/எஸ்தான்" என்று நினைவிலிருந்து சொல்லாமல், உங்கள் பதிவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

எச்-1பியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே மாட்டியிருக்கிறேன். என் ஒப்புதல் காகிதமான ஐ-797-இல் 2025 செப்டம்பர் வரை என்று இருந்தது. 2022 நவம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பினேன். என் பாஸ்போர்ட் 2023 ஜூனில் முடிவதாக இருந்தது. விமான நிலையத்தில் அதிகாரி ஐ-94-இல் பாஸ்போர்ட் முடியும் தேதியையே போட்டுவிட்டார். இது தவறு இல்லை, அப்படித்தான் வழக்கம். நான் ஏப்ரலில்தான் கவனித்தேன். இரண்டு மாதத்துக்குள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, வக்கீல் மூலம் நீட்டிப்பு மனு போடும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரு வருடத்துக்குக் கீழே மிச்சம் இருந்தால் பயணத்துக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

லாட்டரி இப்போது எப்படி நடக்கிறது?

வருடத்துக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு அதற்கு மேல் 20,000. மார்ச்சில் கம்பெனி உங்கள் பெயரை இணையத்தில் பதிவு செய்யும். பதிவுக் கட்டணம் 2025-இலிருந்து 215 டாலர். பெயர் வந்தால் ஏப்ரல் 1 முதல் குறைந்தது 90 நாள் அவகாசத்தில் முழு மனுவைப் போட வேண்டும். வேலை தொடங்குவது அக்டோபர் 1.

2023-இல் தகுதியான பதிவுகள் 7,58,994. ஒரே ஆளுக்குப் பல கம்பெனிகள் பெயர் கொடுத்ததால் அந்த எண்ணிக்கை வீங்கியது. 2024-இலிருந்து எத்தனை கம்பெனி பதிந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாய்ப்புதான் என்று மாற்றினார்கள். 2025-இல் பதிவுகள் 3,43,981 ஆகக் குறைந்தன, அதில் 1,20,141 தேர்வாயின. 2026 பிப்ரவரி 27-இலிருந்து இன்னொரு மாற்றம்: அரசு ஒவ்வொரு வேலைக்கும் நான்கு சம்பள நிலைகள் வகுத்திருக்கிறது, அந்த நிலை உயர உயரக் குலுக்கலில் அதிகச் சீட்டு. நான்காம் நிலைச் சம்பளத்துக்கு நான்கு சீட்டு, முதல் நிலைக்கு ஒன்றே ஒன்று. இப்போதுதான் படிப்பு முடித்துச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது பாதகம் என்பது என் எண்ணம். உங்கள் வேலை எந்த நிலையில் போடப்படுகிறது என்று பதிவுக்கு முன்பே கம்பெனியிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஓபிடியில் வேலை இல்லாத நாட்களை எப்படி எண்ணுகிறார்கள்?

முதல் 12 மாத ஓபிடியில் மொத்தம் 90 நாட்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு வாங்கினால் இன்னும் 60 சேர்ந்து, இரண்டுக்கும் சேர்த்து 150. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் இதில் சேரும். வேலை அனுமதி அட்டையான இஏடி கைக்கு வந்த நாள் கணக்கில்லை. அட்டையில் போட்டிருக்கும் தொடக்கத் தேதியிலிருந்து எண்ணிக்கை ஓடுகிறது. வேலை இல்லாத நேரத்தில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்தாலும் அந்த நாட்களும் சேரும்.

வேலை கிடைத்தால் மட்டும் போதாது, பத்து நாட்களுக்குள் மாணவர்களுக்கான அரசு இணையப் போர்ட்டலில் அதைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை என்றுதான் அரசின் கணினிக்குத் தெரியும். வேலை செய்துகொண்டே, பதிவு செய்ய மறந்து, ஸ்டேட்டஸைத் தொலைக்கும் நிலைக்குப் போன ஒரு பையனை எனக்குத் தெரியும். நல்ல சம்பளம், நல்ல வேலை. போர்ட்டலில் அவர் பெயருக்கு நேரே காலி. டிஎஸ்ஓவிடம் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுபோய்க் கெஞ்சிச் சரிசெய்தார்.

அப்புறம், அந்த வேலை படித்த பாடத்தோடு தொடர்புள்ளதாக, வாரத்துக்கு 20 மணி நேரமாவது இருக்க வேண்டும். முதல் ஓபிடியில் சம்பளம் இல்லாத வேலையும் கணக்கில் சேரும். ஸ்டெம் நீட்டிப்பில் சம்பளம் கட்டாயம்.

லாட்டரியில் பெயர் வந்துவிட்டது. ஸ்டெம் நீட்டிப்பும் போட வேண்டுமா?

தகுதி இருந்தால் போடுங்கள். எச்-1பி மனு நிராகரிக்கப்படலாம், கம்பெனியே திரும்பப் பெறலாம். அப்போது கையில் 24 மாதம் இருந்தால் கால் தரையில் ஊன்றியிருக்கும். ஓபிடி முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். டிஎஸ்ஓ பரிந்துரைத்த 60 நாட்களுக்குள், அதே சமயம் ஓபிடி முடிவதற்கு முன்பு, விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நேரத்துக்குப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை 180 நாட்கள் வேலையைத் தொடரலாம். வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை அமைப்பில் கம்பெனி சேர்ந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சின்னக் கம்பெனியில் இருக்கிறவர்கள் கடைசி மாதத்தில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேப்-கேப் என்கிறார்களே, அது என்ன?

ஓபிடி ஜூனில் முடிகிறது, எச்-1பி அக்டோபரில் தொடங்குகிறது. நடுவில் உள்ள மாதங்களுக்குப் பாலம் போடுவதுதான் இது. உச்சவரம்பைக் குறிக்கும் 'கேப்', இடைவெளியைக் குறிக்கும் 'கேப்', இரண்டும் தமிழில் ஒன்றுபோல வந்து நிற்கின்றன.

இது கிடைக்க, உங்கள் எஃப்-1 உயிரோடு இருக்கும்போதே எச்-1பி மனு போயிருக்க வேண்டும். அந்த மனுவில் 'ஸ்டேட்டஸ் மாற்றம்' கேட்டிருக்க வேண்டும். தூதரகத்தில் போய் விசா வாங்கிக்கொள்கிறேன் என்று போட்டிருந்தால் கேப்-கேப் கிடையாது. மனுவை வக்கீல் அனுப்பும் முன் அந்த ஒரு கட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

மனு போன நாளில் ஓபிடி ஓடிக்கொண்டிருந்தால் வேலையையும் தொடரலாம். ஓபிடி முடிந்து, அதற்குப் பிறகு வரும் 60 நாள் அவகாசத்தில் மனு போயிருந்தால் தங்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. இந்த வித்தியாசத்தைக் கம்பெனியின் மனிதவளத் துறையே பல இடங்களில் சரியாகப் புரிந்துகொள்வதில்லை.

என் காலத்தில் கேப்-கேப் அக்டோபர் 1-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதற்குள் முடிவு வராதவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரி 17-இல் அமலான விதி இதை அடுத்த ஏப்ரல் 1 வரை நீட்டியிருக்கிறது. இது பெரிய நிம்மதி. எச்-1பி அதற்கு முன்பே தொடங்கிவிட்டால் கேப்-கேப் அன்றோடு முடியும். டிஎஸ்ஓவிடம் கேப்-கேப் குறித்த புதிய ஐ-20 வாங்கி கம்பெனிக்குக் கொடுங்கள். உங்கள் இஏடி அட்டையில் பழைய தேதிதான் இருக்கும், எனவே இந்தக் காகிதம்தான் ஆதாரம்.

மனு நிராகரிக்கப்பட்டால் கேப்-கேப் அன்றே முடிகிறது, வேலையும் நிற்க வேண்டும். மோசடியோ விதிமீறலோ காரணமாக இல்லாவிட்டால், அன்றிலிருந்து 60 நாள் புறப்பட அவகாசம் உண்டு.

ரசீது வந்துவிட்டது. இனி பயம் இல்லைதானே?

ரசீது என்பது "உங்கள் மனு எங்களிடம் இருக்கிறது" என்பதற்கான சாட்சி மட்டும். அது உங்களுக்கு ஸ்டேட்டஸ் தருவதில்லை. ஸ்டேட்டஸ் முடிவதற்கு முன் நேரத்துக்கு மனு போட்டவர்களுக்கு, அது நிலுவையில் இருக்கும்வரை 'அனுமதிக்கப்பட்ட தங்கல்' என்று ஒன்று உண்டு. அந்த நாட்கள் சட்டவிரோதத் தங்கலாக எண்ணப்படாது. ஆனால் அது ஸ்டேட்டஸ் இல்லை. மனு விழுந்தால் கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

சட்டவிரோதத் தங்கல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் அப்படி இருந்துவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் திரும்ப வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் பத்து வருடம்.

ஒப்புதல் வரும்போது அது ஐ-797ஏ-வா, ஐ-797பி-யா என்று பாருங்கள். 'ஏ' என்றால் கீழ்ப் பகுதியில் புதிய ஐ-94 இருக்கும், ஸ்டேட்டஸ் மாறிவிட்டது. 'பி' என்றால் மனு ஏற்கப்பட்டது, ஆனால் நீங்கள் வெளியே போய் விசா வாங்கிக்கொண்டு வந்தால்தான் எச்-1பி. 'அப்ரூவ்டு' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்த பிறகு, அது 'பி' என்று தெரிந்து உடைந்துபோன ஒரு தங்கையோடு ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் கல்யாணம். ஊருக்குப் போய்விட்டு வரலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்ட மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால், அந்த மாற்றக் கோரிக்கையை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதோடு கேப்-கேப்பும் போய்விடும். மனு தனியாக ஒப்புதல் பெறலாம், ஆனால் தூதரகம் வழியாகத்தான் எச்-1பியில் திரும்ப முடியும். 2025 செப்டம்பருக்குப் பிறகு, அந்தத் திரும்புதலுக்கு 1 லட்சம் டாலர் கட்டணமும் வந்து சேரலாம். அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மனுவும் மாற்றமும் ஒப்புதலாகி, அக்டோபர் 1 இன்னும் வராத இடைவெளியில் எஃப்-1 ஆகவே போய்த் திரும்ப விதியில் இடம் உண்டு. ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள எஃப்-1 விசா உயிரோடு இருக்க வேண்டும், ஐ-20-இல் பயணக் கையெழுத்து வேண்டும், நுழைவு வாயிலில் அதிகாரி ஏற்றுக்கொள்ள வேண்டும். என் தம்பியாக இருந்தால் வக்கீல் எழுத்தில் சரி என்று சொல்லாமல் நான் விட மாட்டேன்.

அக்டோபர் 1-க்குப் பிறகு போனால் சென்னையில் எச்-1பி ஸ்டாம்பிங், அதாவது தூதரகத்தில் விசா ஒட்டி வாங்குவதை, முடித்துத்தான் திரும்ப முடியும். இப்போது அது பழைய மாதிரி இல்லை. 2025 செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்கு பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அதே மாதம் அறிவித்தார்கள், அதனால் போகிற வழியில் வேறு நாட்டில் முத்திரை வாங்கும் வழக்கம் போய்விட்டது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்கள், அவர்கள் துணைவர் பிள்ளைகளுக்கான எச்-4 விண்ணப்பதாரர்கள் ஆகியோரின் சமூக ஊடகப் பக்கங்களையும் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மாதம் இந்தியாவில் வாங்கியிருந்த பல நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. இரண்டு வார விடுப்பில் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். டிக்கெட் போடுவதற்கு முன், "மூன்று மாதம் திரும்ப முடியாவிட்டால் கம்பெனி என்ன செய்யும்?" என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் என் தங்கை கல்யாணம் ஆவணியில். என் மனு நிலுவையில் இருந்தது. நான் போகவில்லை. அங்கே காலை ஏழு மணி முகூர்த்தம், இங்கே டல்லாஸில் முந்தின இரவு எட்டரை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த முடிவு சரிதான் என்று இன்றும் சொல்வேன், ஆனால் வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் மூப்பானவர்கள் உடம்புக்கு முடியாமல் இருந்தால், கணக்கு வேறு. வேலை இன்னொன்று கிடைக்கும். அந்த நேரத்தில் போக வேண்டும் என்று தோன்றினால், திரும்ப வருவது சிக்கலாகும் என்று தெரிந்துகொண்டே போங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

1 லட்சம் டாலர் கட்டணம் எனக்கும் உண்டா?

2025 செப்டம்பர் 19-இல் வந்த அதிபர் பிரகடனம் அது. 21-ஆம் தேதியிலிருந்து போடும் புதிய எச்-1பி மனுக்களுக்கு, 12 மாதக் காலத்துக்கு என்று சொல்லப்பட்டது. அக்டோபர் 20-இல், இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் கொடுத்த விளக்கத்தின்படி, உள்நாட்டில் சட்டப்படி இருந்துகொண்டு ஸ்டேட்டஸ் மாற்றமோ நீட்டிப்போ கேட்டு, அது ஒப்புதலானால் இந்தக் கட்டணம் இல்லை. அப்படி ஒப்புதல் வாங்கியவர் பிறகு ஊருக்குப் போய் அதே மனுவின் பேரில் விசா வாங்கினாலும் இல்லை.

ஆனால் மாற்றத்துக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பானால், அல்லது முடிவு வருவதற்கு முன் நீங்கள் வெளியே போய்விட்டால், கட்டணம் உண்டு. அதாவது ஒரு நாள் ஸ்டேட்டஸ் தவறினாலும், அவசரப்பட்டு விமானம் ஏறினாலும், கம்பெனி அந்தத் தொகையைக் கட்டுமா என்ற கேள்வி வந்துவிடும். ஸ்டேட்டஸைக் காப்பாற்றுவது முன்பெல்லாம் ஒழுங்கு சம்பந்தப்பட்டதாக இருந்தது. இன்று அதற்கு விலைச் சீட்டே ஒட்டியிருக்கிறார்கள். இந்தப் பிரகடனத்தை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டிருக்கின்றன, ஆகவே உங்கள் மனு போகும் வாரத்தில் நிலவரம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வரவில்லை. அடுத்து என்ன?

முதலில் ஓபிடியில் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணுங்கள். ஸ்டெம் இருந்தால் இன்னும் இரண்டு மார்ச் கிடைக்கலாம். நான் இரண்டு தடவை விழுந்து மூன்றாவது தடவை எழுந்தவள்.

பல்கலைக்கழகங்களும், அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற அமைப்புகளும், லாப நோக்கமற்ற அல்லது அரசு ஆராய்ச்சி நிறுவனங்களும் லாட்டரி இல்லாமல் வருடத்தின் எந்த மாதத்திலும் எச்-1பி போடலாம். சம்பளம் குறைவாக இருக்கலாம், ஆனால் இதை நம் பிள்ளைகள் போதுமான அளவு தேடுவதில்லை என்பது என் ஆதங்கம். கம்பெனிக்கு வெளிநாட்டில் கிளை இருந்தால் அங்கே ஒரு வருடம் வேலை செய்து, கம்பெனிக்குள் இடமாற்றத்துக்கான எல்-1 விசாவில் திரும்பலாம். துணைவர் எச்-1பியில் இருந்தால் எச்-4.

இன்னொரு முதுகலையில் சேர்ந்து முதல் நாளிலிருந்தே, படிப்பின் அங்கமாகச் செய்யும் வேலைக்கான அனுமதியான சிபிடியில் வேலை செய்யலாம் என்று சில கல்லூரிகள் கூவி அழைக்கின்றன. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கும் சூழல்கள் உண்டு. ஆனால் பின்னால் எச்-1பி மனுவிலோ ஸ்டாம்பிங்கிலோ "வகுப்புக்கு உண்மையில் போனீர்களா, வேலை பாடத்தின் அங்கமா?" என்று கேட்கும்போது ஆதாரம் காட்ட வேண்டியது நீங்கள்தான், கல்லூரி வராது. ஃபீஸ் கட்டினால் போதும், வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லும் இடம் எதுவானாலும் விலகி வந்துவிடுங்கள்.

ஒரு கன்சல்டன்சி "பெஞ்சில் உட்காருங்கள், ப்ராஜெக்ட் வந்ததும் சம்பளம்" என்கிறது. சேரலாமா?

எச்-1பியில் அது சட்டவிரோதம். வேலை கொடுக்காவிட்டாலும் மனுவில் சொன்ன சம்பளத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். மனுவோடு கம்பெனி அரசுக்குக் கட்ட வேண்டிய 'பயிற்சிக் கட்டணம்' என்பதையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. ஓபிடியில் போலிச் சம்பளச் சீட்டு, இல்லாத அனுபவம் என்று கொடுப்பவர்களிடம் சேர்ந்தால், பின்னால் அந்தக் கம்பெனி மாட்டும்போது உங்கள் பெயரும் அதே பட்டியலில் இருக்கும். நான் படிப்பு முடித்த வருடம் என் அறைத்தோழி இப்படி ஓர் இடத்தில் எட்டு மாதம் இருந்தாள். அவள் செய்த உண்மையான வேலையைக்கூட நிரூபிக்க முடியாமல் திரும்பிப் போனாள். நல்ல கன்சல்டன்சிகளும் இருக்கின்றன. முதல் மாதச் சம்பளம் சேர்ந்த நாளிலிருந்தே வருகிறதா என்பதை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.

எச்-1பி வந்த பிறகு வேலை போய்விட்டது. எத்தனை நாள்?

அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 முடியும் தேதி, எது முதலில் வருகிறதோ அது. 2017-இலிருந்து இந்த அவகாசம் உண்டு. வேலை முடிந்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும், பொதுவாகக் கடைசியாகச் சம்பளம் கணக்கிடப்பட்ட நாள்தான் வேலை முடிந்த நாள். கம்பெனி கொடுக்கும் பிரிவுப் பணம் எத்தனை மாதத்துக்கு வந்தாலும் அது நாட்களை நீட்டாது.

அந்த 60 நாளுக்குள் புதிய கம்பெனி மனு போட்டுவிட்டால், ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் மனு போய்ச் சேர்ந்ததிலிருந்தே அங்கே வேலை தொடங்கலாம். புதிய வேலை கிடைக்காவிட்டால் எச்-4, எஃப்-1, அல்லது பார்வையாளருக்கான பி-2-க்கு மாற்றம் கேட்டு அதே 60 நாளுக்குள் மனு போடலாம். முடிவு வரும்வரை தங்கலாம், வேலை செய்யக் கூடாது. ஏற்கெனவே லாட்டரியில் எண்ணப்பட்டவர்கள், எச்-1பிக்கான ஆறு வருட உச்சவரம்பில் மிச்சம் இருந்தால் மறுபடி லாட்டரிக்குப் போக வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பினாலும் அந்த மிச்சம் உங்களுடையதுதான். பலர் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து உடைந்துபோகிறார்கள்.

ஒரே கம்பெனியில் நீட்டிப்புக்காகக் காத்திருப்பவர்கள், தேதி முடிவதற்கு முன் மனு போயிருந்தால், 240 நாட்கள் வரை வேலையைத் தொடரலாம்.

காத்திருக்கும்போது சின்னதாக ஏதாவது சம்பாதிக்கலாமா? உபர், யூடியூப் மாதிரி?

வேண்டாம். உணவு கொண்டுபோய்க் கொடுப்பது, வார இறுதியில் கடையில் நிற்பது, காணொளிக்கு விளம்பரப் பணம் வாங்குவது எல்லாமே அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். கையில் காசாக வாங்கினாலும் அதே கதைதான். ஊரில் இருக்கும் வங்கி வட்டி, பங்குகளின் லாபம், வீட்டு வாடகை போன்றவை முதலீட்டு வருமானம், அதில் சிக்கல் இல்லை. வரிக்கணக்கில் மட்டும் காட்டிவிடுங்கள்.

என் மனைவி எச்-4-இல் வருகிறாள். அவள் வேலை செய்யலாமா?

எச்-4 மட்டும் இருந்தால் முடியாது. பெரும்பாலும், கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் உங்கள் ஐ-140 மனு ஒப்புதலான பிறகே எச்-4 இஏடிக்கு விண்ணப்பிக்க முடியும். இந்த வசதி 2015-இல் வந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பித்தல் விண்ணப்பங்களுக்குத் தானாக நீளும் வசதியை எடுத்துவிட்டார்கள். அட்டை முடியும் நாளில் புதியது வரவில்லை என்றால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். எனவே விண்ணப்பிக்க அனுமதிக்கும் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

எந்தக் காகிதங்களை வைத்திருக்க வேண்டும்?

எல்லா ஐ-20-களும், பழையவையும் சேர்த்து. எல்லா ஐ-797-களும். ஒவ்வொரு தடவை உள்ளே வந்ததும் எடுத்த ஐ-94 பிரதி. இஏடி அட்டையின் இரு பக்கமும். சேர்ந்த நாள் முதல் சம்பளச் சீட்டுகள், வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2, போர்ட்டலில் பதிந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்கள். கம்பெனியின் மின்னஞ்சலில் மட்டும் வைக்காதீர்கள். வேலை போகும் நாளில் முதலில் மூடப்படுவது அந்தக் கணக்குதான்.

ஊரில் அம்மா அப்பாவுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

மறைக்காமல் சொல்லுங்கள். "எல்லாம் சரியா இருக்கு" என்று மூன்று வருடம் சொல்லிவிட்டு ஒருநாள் பெட்டியோடு போய் நின்றால்தான் அவர்கள் உடைந்துபோவார்கள். நான் ஒரு தாளில் தமிழில் நான்கு தேதிகளை எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன்: ஓபிடி முடியும் நாள், மனு போன நாள், அக்டோபர் 1, அது நடக்காவிட்டால் நான் ஊருக்கு வந்து சேரும் நாள். அந்த நான்காவது தேதியைச் சொன்ன பிறகுதான் அவர் நிம்மதியாகப் பேச ஆரம்பித்தார். "வந்தா வா, நம்ம வீடுதானே" என்றார். எனக்கும் அதுவரை அந்தத் தேதியை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

அக்டோபர் 1 வந்துவிட்டது. இனி?

கம்பெனியில், உங்கள் வேலை அனுமதியைப் பதிவுசெய்யும் ஐ-9 படிவத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஐ-797ஏ-யின் கீழ்ப் பகுதியில் உள்ள ஐ-94-இல் பெயரும் தேதியும் சரியா என்று பாருங்கள், எழுத்துப் பிழை இருந்தால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமம் பழைய தேதியோடு முடிந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும். எஃப்-1-இல் முதல் ஐந்து நாட்காட்டி வருடங்களுக்குள் இருந்தவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் இருந்திருக்காது. இனிச் சம்பளத்தில் 7.65 சதவீதம் அதற்குப் போகும், கணக்கு குறைகிறதே என்று பதற வேண்டாம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் முகவரியைத் தெரிவித்துவிடுங்கள். டிஎஸ்ஓவுக்கு ஒரு நன்றிக் கடிதமும் அனுப்புங்கள். நான் அனுப்பியபோது, இப்படி ஒன்று வருவது அபூர்வம் என்று அவர் பதில் எழுதினார்.